காசு கட்டினாத்தான் பெரிய மனுஷனா?

மக்களே, ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடைஞ்சுகிட்டே இருக்கற ஒரு விஷயம். ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ஊருக்கு வந்திருக்கேன். ஊருன்னா வெள்ளிமலை, கல்வராயன் மலை மேல. கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுத்தி வரணும். சரி, இன்னைக்கு எழுதிடறதுன்னு உக்காந்தாச்சு. பதிவு கொஞ்சம் நீளம். மொக்கை இல்லை, சீரியஸ் மேட்டர். டீ எதுனா இருந்தா பக்கத்துல வச்சுக்குங்க.

கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் அமெரிக்காவுல நாலு வருஷம் இருந்துட்டு வந்தவர். ஹோவர்ட் ஸ்டெர்ன்னு ஒரு ரேடியோக்காரரோட தீவிர பக்தர். அவர் அடிக்கடி சொல்ற ஒரு வசனம் இருக்கு. "நம்மூர் ஆர்ஜேங்களும் ஸ்டெர்ன் மாதிரி ஓசி ரேடியோவை விட்டுட்டுக் காசு வாங்கிட்டுப் பேசணும்ப்பா. அப்பத்தான் சுதந்திரமாப் பேசுவாங்க."

இந்த 'சுதந்திரம்' மேலதான் எனக்குக் காண்டு. எதுக்குன்னு சொல்றேன்.

*

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதைச் சுருக்கம். ஸ்டெர்ன் ஒரு 'ஷாக் ஜாக்'. கேக்கறவங்களை அதிர வைக்கறதையே பொழப்பா வச்சுகிட்டவர். நியூயார்க்ல 1986ல இருந்து ஒரே ஸ்டேஷன்ல காலை நேர நிகழ்ச்சி, அது பல ஊர் ஸ்டேஷன்களுக்கும் போகும். சாதா ரேடியோவை விட்டுக் கிளம்பற சமயத்துல 1.2 கோடி பேர் கேட்டாங்கன்னு சொல்லுவாங்க. அந்தாளு பேசினதுல பாதி காதுல விழக்கூடாத கண்றாவி, பொண்ணுங்களைக் கேலிப் பொருளாக்கற சமாச்சாரம். அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரலை. மீதிப் பாதியில யாரும் சொல்லத் துணியாததைச் சொன்னார்ங்கறதும் உண்மை.

அமெரிக்காவுல ரேடியோவுக்கு எஃப்.சி.சி.ன்னு ஒரு ஆணையம். காலை 6 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஆபாசமாப் பேசினா அபராதம். 2004 பிப்ரவரியில சூப்பர் பவுல் மேடையில ஜேனட் ஜாக்சன் சட்டை விலகின விவகாரத்துக்கு அப்புறம் ஆணையம் சாமி ஆட ஆரம்பிச்சிடுச்சு. அதே ஏப்ரல்ல, ஸ்டெர்ன் நிகழ்ச்சியை ஒலிபரப்பின க்ளியர் சேனல் கம்பெனிக்கு 4,95,000 டாலர் தீட்டினாங்க. க்ளியர் சேனல் பயந்துபோய் தன்னோட ஆறு ஸ்டேஷன்கள்ல இருந்தும் அவரைத் தூக்கிடுச்சு. ஜூன்ல 17.5 லட்சம் டாலர் கட்டி சமாதானம் ஆச்சு.

2004 அக்டோபர் 6ம் தேதி ஸ்டெர்ன் அறிவிச்சார். சிரியஸ்ங்கற சாட்டிலைட் ரேடியோவுக்குப் போறேன், அஞ்சு வருஷ ஒப்பந்தம், மதிப்பு 50 கோடி டாலர். 2005 டிசம்பர் 16 சாதா ரேடியோவுல கடைசி நாள். 2006 ஜனவரி 9 சாட்டிலைட்ல முதல் நாள். மாசச் சந்தா 12.95 டாலர், பொட்டி தனி. அங்க எஃப்.சி.சி. ஆபாச விதி செல்லாது. என்ன வேணா பேசலாம்.

ரசிகர்கள் ரெண்டு கோஷ்டி ஆனாங்க. ஒரு கோஷ்டி, "தலைவன் விலங்கை உடைச்சிட்டான், இனி அசல் ஸ்டெர்ன்"ன்னு கொண்டாடிச்சு. இன்னொரு கோஷ்டி, "இருபது வருஷம் ஓசியில கேட்டு வளர்த்து விட்டவங்களை அம்போன்னு விட்டுட்டு ஐம்பது கோடிக்கு வித்துட்டான், துரோகி"ன்னு திட்டிச்சு. இருபது வருஷம் கழிச்சு இன்னமும் நம்ம நண்பர் முதல் கோஷ்டியில கொடி பிடிக்கறார்.

நான் ரெண்டு கோஷ்டியிலயும் சேரலை. 'துரோகி' கோஷ்டி சொல்றது சின்னப்புள்ளத்தனம். அவர் உழைப்பு, அவர் விலை. நான் நாளைக்கே 40 சதவீதம் ஜாஸ்தி குடுக்கற கம்பெனிக்குத் தாவினா என் டீம் லீட் கூட என்னைத் துரோகின்னு சொல்ல மாட்டார். (மனசுக்குள்ள சொல்லிக்குவார், அது வேற.) என் சண்டை 'விலங்கை உடைச்சிட்டான்' கோஷ்டியோடதான்.

*

முதல்ல ஒரு கேள்வி. சாட்டிலைட்ல மட்டும் ஏன் அந்த விதி செல்லாது? சாட்டிலைட்ல பேசினா கெட்ட வார்த்தை நல்ல வார்த்தை ஆயிடுமா?

இதுக்கு வேர் 1978ல இருக்கு. ஜார்ஜ் கார்லின்னு ஒரு நகைச்சுவைக்காரர் கெட்ட வார்த்தைகளைப் பத்திப் பேசின ஒரு துண்டை 1973ல நியூயார்க் ரேடியோ ஸ்டேஷன் ஒண்ணு பட்டப்பகல்ல போட்டுச்சு. கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பசிஃபிகா வழக்குன்னு பேர். ரேடியோ எல்லா வீட்டுக்குள்ளயும் தானா நுழையற சாதனம், குழந்தைங்க காதுல சுலபமா விழும், அதனால அதை மட்டும் தனியாக் கட்டுப்படுத்தலாம்னு தீர்ப்பு. அப்ப, காசு கட்டி வரவழைச்சுக்கற சாதனத்துக்கு இந்த நியாயம் ஒட்டாது. கேபிள் தப்பிச்சது அப்படித்தான், சாட்டிலைட் தப்பிச்சதும் அப்படித்தான்.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. இந்த விதி நடைமுறையில என்ன சொல்லுது? மாசம் 12.95 டாலர் கட்டினா நீ வளர்ந்த மனுஷன், என்ன வேணா கேளு. கட்டலைன்னா நீ குழந்தை, உனக்கு எது நல்லதுன்னு நாங்க முடிவு பண்றோம். நைட் ஷிப்ட் முடிச்சு லாரி ஓட்டிட்டு வர்ற ஐம்பது வயசுக்காரரும் குழந்தைதான், பொட்டி வாங்கலைன்னா.

ஸ்டெர்ன் ரசிகர்கள் இதுக்குத்தான் விசில் அடிச்சாங்க. அவங்களுக்குக் கெடைச்சது காசு கட்டி வாங்கின ஒரு விதிவிலக்கு. அதுக்குச் சுதந்திரம்னு பேரு வச்சுட்டாங்க. கோயில்ல ஐநூறு ரூபா டிக்கெட் வாங்கிட்டு, "ஆஹா, சாமி தரிசனத்துல கியூவே ஒழிஞ்சு போச்சு"ன்னு சொல்ற மாதிரி. கியூ ஒழியலைங்க. நீங்க வெளிய வந்துட்டீங்க, அவ்வளவுதான். தர்ம தரிசனக் கூட்டம் அங்கயேதான் நிக்குது.

கூட்டம் எவ்வளவுன்னும் பாத்துடலாம். அறிவிப்பு வந்தப்ப சிரியஸுக்கு ஆறு லட்சத்துச் சொச்சம் சந்தாதாரர். 2005 கடைசியில 33 லட்சம். 2006 கடைசியில 60 லட்சம். பிசினஸ்ல பின்னிட்டாங்க, மறுக்கலை. இலக்கைத் தாண்டினதுக்காக ஸ்டெர்னுக்கும் அவர் மேனேஜருக்கும் பங்காவே 20 கோடி டாலருக்கு மேல கெடைச்சது. ஆனா அந்த 60 லட்சமும் ஸ்டெர்னுக்காகவே வந்தவங்கன்னு வச்சுகிட்டாலும் (இல்லவே இல்லை, பல பேர் காரோட சேந்து வந்தவங்க, ஃபுட்பால் கேக்க வந்தவங்க), 1.2 கோடியில பாதிதான். மீதிப் பாதி எங்க போச்சு? எந்த ரசிகனும் அவங்களைப் பத்திக் கேக்கலை.

கீழ நின்னவங்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஸ்டெர்ன் மேல போய் ஆறு மாசம் கூட ஆகலை. 2006 ஜூன்ல புஷ் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். ஆபாச அபராதத்தோட உச்சவரம்பு 32,500 டாலர்ல இருந்து 3,25,000 டாலர் ஆச்சு. பத்து மடங்கு! விதியோட மல்லுக்கட்டிட்டு இருந்த பெரிய வாய் ரேடியோவை விட்டுப் போயாச்சு, விதி பத்து மடங்கு தடிச்சிருச்சு. அவர் போனதாலதான் சட்டம் வந்ததுன்னு நான் சொல்லலை. அது 2004லயே கொதிக்க ஆரம்பிச்ச உலை. ஆனா சட்டம் வந்தப்ப அதை எதிர்த்துத் தினமும் காலையில 1.2 கோடி காதுல கத்தியிருக்க வேண்டிய ஆள், காசு கட்டினவங்க மட்டும் கேக்கற இடத்துல இருந்தார். ரசிகர்களும் அங்கதான் இருந்தாங்க. நமக்கென்னன்னு விட்டுட்டாங்க.

*

"போய்யா, விதி தப்பா இருந்தா வெளிய போறதைத் தவிர வேற என்ன வழி?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வெளிய போறது தப்பே இல்லை. யாரைக் கூட்டிட்டுப் போறோம்ங்கறதுலதான் சூட்சுமம். அதுக்கு நம்ம கைவசமே ஒரு கதை இருக்கு.

1952. மத்திய அரசுல செய்தி ஒலிபரப்பு மந்திரி பி.வி.கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதம்தான் சங்கீதம், சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்குதுன்னு நம்பின மனுஷர். ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒழிச்சே கட்டினார். இதுவும் அதே வியாதிதான். கேக்கறவன் குழந்தை, எது நல்லதுன்னு நான் சொல்றேன்.

அப்ப என்ன ஆச்சு? ரெண்டாம் உலகப் போர்ல விட்டுட்டுப் போன பலமான சிற்றலை டிரான்ஸ்மிட்டர் கொழும்புல இருந்துச்சு. ரேடியோ சிலோன் அதை வச்சுகிட்டு சினிமாப் பாட்டாப் போட்டுத் தள்ளிச்சு. அதே 1952ல அமீன் சயானியோட 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பிச்சது. வடக்க அவரு. தெற்க நமக்கு இலங்கை வானொலித் தமிழ்ச் சேவை. மயில்வாகனன், அப்புறம் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். பேரைச் சொன்னாலே நம்ம அப்பா, சித்தப்பா வயசுக்காரங்க முகம் மாறும். அப்துல் ஹமீத் ரேடியோவுல நடத்தின பாட்டுக்குப் பாட்டுதான் பின்னால சன் டிவிக்கு வந்து வீட்டுக்கு வீடு ஓடிச்சு.

இங்கயும் குரல் எல்லை தாண்டித்தான் போச்சு. ஆனா கேக்கறவன்கிட்ட சந்தா கேக்கலை. அந்தக் காலத்துல ரேடியோ வச்சுக்கவே போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டணும்தான். ஆனா அது பொட்டிக்கு. கொழும்பைக் கேக்கறதுக்குத் தனியா ஒரு பைசா கிடையாது. அதனால மொத்த ஜனமும் அந்தப் பக்கம் சாய்ஞ்சுது. ஏழை, பணக்காரன், டீக்கடை, சலூன் எல்லாரும். மொத்தமா சாய்ஞ்சா அரசாங்கத்துக்கு உறைக்கும். உறைச்சுது. 1957 அக்டோபர் 3ம் தேதி விவித பாரதி பொறந்துச்சு. சினிமாப் பாட்டு சர்க்கார் ரேடியோவுக்கே திரும்பி வந்துச்சு. பின்னால 1989ல அதே கீத்மாலாவே விவித பாரதிக்குக் குடிவந்தது.

வித்தியாசம் புரியுதா? கேஸ்கர் காலத்து ஜனங்க எல்லாருமா சேந்து போனாங்க, விதி மாறிச்சு. ஸ்டெர்ன் ரசிகர்கள்ல காசு இருந்தவங்க மட்டும் போனாங்க, விதி இன்னும் இறுகிச்சு.

*

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், மன்னிக்கணும்.

எங்க மலைக்குச் சுதந்திரம் 1947ல வரலை. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையிலதான் இருந்துச்சு. இங்க பெரும்பாலும் மலையாளி பழங்குடி ஜனங்க (கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க, மலையில இருக்கறதால அந்தப் பேரு). எங்க தாத்தா சொல்லுவார், அவங்க ஊருக்கே ஒரே ஒரு ரேடியோ, பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுல. பலா மரத்துல செப்புக் கம்பியை இழுத்துக் கட்டினா சாயங்காலம் கொழும்பு வரும், திருச்சி வரும். வாசல்ல இருபது முப்பது பேர் குந்தியிருப்பாங்களாம். வாத்தியார் ஒரு ஆள்தான் லைசென்ஸ் கட்டினவர். ஆனா முப்பது பேரும் பெரிய மனுஷங்கதான். நீ கேக்கலாம், நீ கேக்கக் கூடாதுன்னு யாரையும் எண்ணி உள்ள விடலை.

மத்திய அலையும் சிற்றலையும் அப்படிப்பட்ட சாதி. மத்திய அலை தரையை ஒட்டித் தவழ்ந்து வரும், ராத்திரியில மேல அயனி மண்டலத்துல முட்டித் திரும்பியும் வரும். மலை, பள்ளம் பாக்காது. எஃப்எம் அப்படி இல்லை. நேர்கோட்டுலதான் போகும். நடுவுல மலை நின்னா அந்தப் பக்கம் நிழல். டவர் உசரமா இருந்தாத்தான் தப்பிக்கும். கொடைக்கானல் உச்சியில வச்சதாலதான் கோடை பண்பலை 100.5 அத்தனை மாவட்டத்துக்குக் கேக்குது. நகரத்து எஃப்எம்முக்கு எங்க பள்ளத்தாக்கு கண்ணுலயே படாது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மலைக்காரனுக்கு டெக்னிக்கலா ரொம்பப் பொருத்தமானது எது? சாட்டிலைட் ரேடியோதான்! மேல இருந்து வர்றதுக்கு மலை மறைக்காது. வேர்ல்ட்ஸ்பேஸ்னு நம்ம நாட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? எத்தியோப்பியாவுல பொறந்த நோவா சமாரா 1990ல ஆரம்பிச்சது. ஆப்பிரிக்காவுல எய்ட்ஸ் பத்தின தகவல் ஏழை ஜனங்களுக்குப் போய்ச் சேரலையேங்கற கவலையிலதான் அந்த ஐடியாவே வந்துச்சு. 2000 மார்ச்ல ஆசியாஸ்டார் சாட்டிலைட் மேல போச்சு. தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதின்னு தனித்தனி சேனல். ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத் தூதர். விளம்பரமே இல்லாத பாட்டு. கேட்டவங்க இன்னைக்கும் உருகறாங்க, அந்த உருக்கம் நியாயம்தான்.

வானத்துல இருந்து பாத்தா வெள்ளிமலையும் மயிலாப்பூரும் ஒண்ணு. பில்லுல பாத்தாத்தான் வேற. ஏழைக்காகன்னு யோசிச்ச சாமான், தனி ரிசீவரும் சந்தாவும் கட்ட முடிஞ்ச வீட்டு ஹாலுக்குப் போய்ச் சேந்துச்சு. 2008 அக்டோபர்ல கம்பெனி அமெரிக்காவுல திவால் மனு போட்டுச்சு. 2009 டிசம்பர் 31ம் தேதியோட இந்தியாவுல நின்னுச்சு. காசு கட்டினவங்களோட பொட்டியும் ஊமை ஆயிடுச்சு. எங்க ஊருக்கு எந்த நஷ்டமும் இல்லை. வந்தாத்தானே போறதுக்கு!

*

இப்ப நம்மூர் ஆர்ஜேக்களுக்கு வருவோம். நண்பர் கேட்ட கேள்விதான். நம்மூர்ல ஏன் ஒரு ஸ்டெர்ன் இல்லை?

ஏன்னா தனியார் எஃப்எம்முக்குச் செய்தியும் நடப்பு அரசியலும் தடை. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம மறு ஒலிபரப்பு பண்ணிக்கலாம். டிராபிக், மழை, பரீட்சை, கரண்ட் கட், தண்ணி சப்ளை சொல்லலாம். சொந்தமாச் செய்தி வாசிக்க முடியாது. இத்தனைக்கும் காற்றலை பொதுச்சொத்துன்னு நம்ம உச்ச நீதிமன்றம் 1995லயே சொல்லியாச்சு. டிவியில இருபத்தி நாலு மணி நேரமும் ஆளாளுக்குக் கத்தலாம். பேப்பர்ல எழுதலாம். யூடியூப்ல எவன் வேணா எதை வேணா சொல்லலாம். ரெண்டு பேட்டரி போட்டா ஓசியில பேசற ஒரே சாமானுக்கு மட்டும் வாய்ப்பூட்டு. ஏன்னு 'காமன் காஸ்'ங்கற அமைப்பு 2013ல உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. கண்காணிக்க ஏற்பாடு இல்லை, பாதுகாப்புக்கு ஆபத்துன்னு அரசாங்கத் தரப்பு சொல்லிச்சு.

அதாவது கேபிளுக்கும் டேட்டாவுக்கும் காசு கட்டறவன் செய்தியைக் கேட்டுட்டு ஒழுங்கா இருப்பான். ஓசி ரேடியோ கேக்கற ஆடு மேய்க்கறவன், பூக்காரம்மா, செக்யூரிட்டி தாத்தா எல்லாம் கேட்டா நாட்டுக்கு ஆபத்து. மறுபடியும் அதே வியாதி. காசு கட்டினா பெரியவன். கட்டலைன்னா குழந்தை.

வாய்ப்பூட்டுப் போட்ட வாய் என்ன பண்ணும்? கிடைச்ச சந்துல பூந்து வரும். நம்மூர் எஃப்எம்ல 'ஷாக்'குன்னா அது ப்ராங்க் கால்தான். பிக் எஃப்எம்ல ஆர்ஜே பாலாஜியோட 'க்ராஸ் டாக்' அந்த வகை. நானும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். பாலாஜியோட டைமிங் அசாத்தியம். ஆனா இந்த வகை நிகழ்ச்சி எல்லாத்துலயும் போனை எடுத்துப் பதறினது யாரு? கடைக்காரர், வேலை தேடற பையன், யாரோ ஒருத்தரோட மாமா. கலெக்டர் இல்லை, மந்திரி இல்லை, கம்பெனி முதலாளி இல்லை. மேல கை வைக்கச் சட்டம் விடலை, அதனால அதிர்ச்சி எல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் தலையில விடிஞ்சுது.

அதே பாலாஜி 2019ல 'எல்கேஜி'யை எழுதி நடிச்சார். முழுக்க அரசியல் நையாண்டி. ரேடியோவுல இருந்த ஆளுக்கு அரசியல் தெரியாம இல்லை, வாய் இல்லாம இல்லை. ஆனா அதைக் கேக்க நாம டிக்கெட் வாங்க வேண்டியிருந்துச்சு. மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், மா கா பா ஆனந்த்னு எத்தனை பேர் ரேடியோவை விட்டுச் சினிமாவுக்கும் டிவிக்கும் போனாங்க! சிலர் ஸ்டேஷன் பேரையே இன்ஷியலா வச்சுகிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் நம்ம ரசிகர்கள் என்ன சொன்னோம்? "நம்மாளு மேல போயிட்டான், செம!" கொஞ்ச பேர், "முன்னாடி மாதிரி இல்லைப்பா, மாறிட்டான்." அதே ரெண்டு கோஷ்டி. ஏன் அந்த ரேடியோ ரூம்ல இருந்தே அவரால இதைப் பேச முடியலைன்னு யாரு கேட்டோம்?

கேக்க வேண்டிய நேரம் வந்துச்சு. 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்தாங்க. எங்க மாவட்டம். மலையில கஞ்சியில்லாதவன் காய்ச்சறான்னு உடனே எல்லா விரலும் எங்க மலைப் பக்கமும் திரும்பிச்சு. அடுத்த மாசம் கல்வராயன் மலை ஜனங்களோட நிலைமையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கு எடுத்து விசாரிச்சுது. எங்க ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி பத்திக் கோர்ட்ல பேச்சு. அதை எங்க ஜனங்களுக்கு எங்க பேச்சுல, "இன்னைக்குக் கோர்ட்ல நம்மளைப் பத்தி இப்படிச் சொன்னாங்க"ன்னு சொல்ல எந்தத் தனியார் எஃப்எம் ஜாக்கிக்கும் சட்டத்துல இடம் இல்லை. சமுதாய வானொலிக்கும் இதே தடைதான். பாட்டுப் போடலாம். ஜோக் அடிக்கலாம். சாவைப் பத்தி, கேஸைப் பத்தி ஆல் இந்தியா ரேடியோ புல்லட்டினை அப்படியே போடலாம்.

"அதான் யூடியூப் இருக்கே, ஓசிதானே"ன்னு ஒரு குரல் கேக்குது. அண்ணே, ஒரு நாள் எங்க ஊருக்கு வாங்க. ரெண்டு திருப்பம் தாண்டினா போன்ல கோடு போயிடும். நான் ஆபீஸ் காலுக்கு ஒரு பாறை மேல ஏறி உக்காந்துதான் 'ஆடிபிளா?'ன்னு கேக்கறேன். ரீசார்ஜ் தீந்தா யூடியூபும் தீந்துச்சு. ரேடியோவுக்கு ரீசார்ஜ் கிடையாது. முப்பது பேர் ஒரு பொட்டியைக் கேட்டாலும் டேட்டா கரையாது.

*

சரி, திட்டியாச்சு. என்னதான்யா வேணும்ங்கறீங்களா? மூணே மூணு.

ஒண்ணு, 2023 செப்டம்பர்ல டிராய் ஒரு பரிந்துரை குடுத்துச்சு. தனியார் எஃப்எம்முக்கு மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி அனுமதிக்கலாம்னு. பத்தே பத்து நிமிஷம்! ஆல் இந்தியா ரேடியோ செய்திக்கு இருக்கற அதே விதி, அதே பொறுப்போட. இதைக் கேட்டு எழுதுங்க, பேசுங்க. நமக்குப் பிடிச்ச ஆர்ஜே எந்தப் படத்துல நடிக்கறார்ங்கறதுக்கு நாம எழுதற பதிவுல பத்துல ஒண்ணு இதுக்கு எழுதினாக் கூடப் போதும்.

ரெண்டு, சமுதாய வானொலி. அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1ம் தேதி ஆரம்பிச்சதுதான் நாட்டுலயே முதல் கேம்பஸ் வானொலி. அந்தப் பெருமை நம்மளுது. 2006ல இருந்து தொண்டு நிறுவனங்களும் ஆரம்பிக்கலாம்னு ஆச்சு. நூறு வாட் பவர். சமவெளியில பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர். மலையில சரியான மேட்டுல வச்சா ஒரு பள்ளத்தாக்கையே மூடும். எங்க மலைக்கு, எங்க ஜனங்க பேசற ஒண்ணு வேணும். டவர் ப்ளானிங், மிக்ஸர், சாப்ட்வேர் எல்லாம் தெரிஞ்ச பயலுக நம்ம கூட்டத்துல எத்தனை பேர் இருக்கோம்! வார இறுதியில ஓப்பன் சோர்ஸ்னு ஏதேதோ பண்றோமே, அதுல ஒரு கை இதுக்குக் குடுக்கலாம்.

மூணு, ரசிகக் கண்மணிகளுக்கு. உங்க தலைவர் காசு வாங்கற இடத்துக்குப் போறாரா? சந்தோஷமா அனுப்புங்க. முடிஞ்சா சந்தாவும் கட்டுங்க, நல்லாப் பேசறவனுக்குக் காசு குடுக்கறது தப்பில்லை. ஆனா அவர் பேச முடியாமப் போன இடத்துல இன்னமும் என்ன பூட்டு தொங்குதுன்னு திரும்பி ஒரு தடவை பாருங்க. அங்க இன்னும் ஜனம் உக்காந்திருக்கு. அவங்க உங்களை மாதிரியே வளர்ந்தவங்கதான். சந்தா கட்டலைங்கறதுக்காக அவங்க காதுக்கு இன்னொருத்தன் காவல் இருக்கணும்னு இல்லை.

நண்பருக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பப் போறேன். திங்கக்கிழமை கேண்டீன்ல கும்மி உறுதி. நீங்களும் வாங்க, திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, விஷயத்தோட திட்டுங்க.

டிஸ்கி: ஸ்டெர்னைக் கேக்காதீங்கன்னு நான் எங்கயும் சொல்லலை. ஹெட்போன் போட்டுக் கேளுங்க, வீட்டுல பெரியவங்க இருப்பாங்க :-)